வெட்டுமுன் பார்க்க வேண்டிய கண்

தீபாவளி விடியலில் நுவரெலியா மாவட்டத்தின் இராகலை, உடப்புசல்லாவ பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கோடியில் ஓர் ஆடு கட்டியிருக்கும். நாலைந்து குடும்பங்கள் காசு சேர்த்து வாங்கியது. வெட்டித் தோலுரித்ததும் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. அந்த ஆடு இரை எடுத்ததா, மூக்கு ஒழுகியதா, காலை இழுத்து நடந்ததா என்பதை எல்லோரும் முதல் நாளே பார்த்திருப்பார்கள். இவ்வூர்கள் அடங்கிய வலப்பனை மலைகளில் பல தலைமுறையாக இறைச்சிக்குக் கிடைத்த உத்தரவாதம் இந்தப் பார்வைதான்.

சட்டம் வேறு கவலையோடு வந்தது. இலங்கையின் இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் இறைச்சிக்கடை நடத்தக் கூடாது என்றது அது. மாட்டுத் திருட்டு மலிந்திருந்த காலம். வெட்டப்போகும் மாடு யாருடையது என்ற கேள்வி ஆட்சியாளர்களை வெகுவாக உறுத்தியது. அதற்கு 13 ஆண்டுகள் கழித்து, சிக்காகோ இறைச்சி ஆலைகளின் அழுக்கை அப்டன் சின்கிளேரின் நாவல் அம்பலப்படுத்திய பிறகு, 1906இல் அமெரிக்கா இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் கொண்டுவந்தது. உண்பவரின் வயிறு அங்கே சட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. இலங்கையில் உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கமாக வந்தது.

முறையான கொல்களத்தில் பரிசோதனை இரண்டு தடவை நடக்க வேண்டும். மாடு நிற்கும்போதே கண், மூச்சு, நடை பார்க்க வேண்டும். அடைப்பான் நோய் என்று சந்தேகம் வந்தால் உடலைக் கீறவே கூடாது. அந்நோய்க் கிருமியின் நுண்வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய பிறகு ஈரலில் தட்டைப்புழு இருக்கிறதா, நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் காசநோய்க் கட்டி தெரிகிறதா, நாக்கிலும் தாடைத் தசையிலும் நாடாப்புழுவின் கொப்புளம் உண்டா என்று கத்தியால் கீறிப் பார்ப்பார்கள். லயத்துக் கண்ணுக்கு முதல் பாதி ஓரளவு தெரியும். இரண்டாம் பாதிக்குப் படித்த கை வேண்டும்.

மலைக் குளிர் இறைச்சியைக் காக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். நமக்குக் குளிர்கிறது, கிருமிக்கு அது போதும். 5 பாகைக்கு மேலே போனால் அது பெருகத் தொடங்கிவிடும்.

படித்த அந்தக் கை தோட்டத்துக்குள் வரத் தாமதமானதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை. தொழிலாளரின் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் கிடந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட விடாமல் தடுத்தது. தோட்ட மக்கள் வாக்களித்த சபையே அவர்களின் லயத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித்தர முடியாத நிலை. 2018இல் வந்த திருத்தம்தான் அந்தத் தடையை நீக்கியது. வெட்கப்பட வேண்டிய தாமதம் இது.

கண்காணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை அதே 1987 காட்டியது. 1946க்குப் பிறகு இலங்கையில் தலைகாட்டாத வெக்கை நோய், இந்திய அமைதிகாக்கும் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு திரும்பி வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் எருமைகளும் மடிந்தன. 1994 வரை அது ஓயவில்லை. உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக 2011இல்தான் அறிவிக்கப்பட்டது. இன்னொரு கால்நடை நோயான கால்வாய் நோய் இன்னும் தீவில் இருக்கிறது. நோயற்ற நாட்டு இறைச்சியையே கேட்கும் வெளிநாட்டுச் சந்தை இலங்கைக்கு எட்டாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

2020 செப்டெம்பரில் மாடு வெட்டுவதையே தடை செய்ய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உண்பவர்களுக்கு இறைச்சி இறக்குமதி செய்யலாம், வயதான மாடுகளுக்குத் தனித் திட்டம் வரும் என்றார்கள். லயத்துக் கொட்டிலில் ஒரு பசு வைத்துப் பால் ஊற்றும் குடும்பத்துக்குக் காளைக்கன்றும் கறவை நின்ற மாடும் அவசரத்துக்குக் கைகொடுக்கும் பணம். தடை வந்தால் வியாபாரம் இருட்டுக்குள் போகும். அங்கே ஈரலைக் கீறிப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். 2021 ஒக்டோபரில் அந்தத் தடைக்காக 1893ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தையும் திருத்த அமைச்சரவை மறுபடி ஒப்புதல் அளித்தது. அந்தத் தடை சட்டமாகவில்லை. கிடைத்த இடைவெளியில் வலப்பனை போன்ற சபைகளுக்குத் தேவைப்படுவது தண்ணீர் வசதியுள்ள ஒரு கொல்களமும், பண்டிகை விடியலில் லயத்துக்கு வந்துபோக ஒரு பரிசோதகரும்.