நாடக அரங்கின் தீத்தடுப்புத் திரை

தீத்தடுப்புத் திரை என்பது, நாடகசாலையில் மேடைக்கும் ஜனங்கள் அமர்ந்திருக்கும் கூடத்துக்கும் இடையே, முகப்பு வளைவின் வாய் முழுவதையும் அடைக்கும்படி மேலிருந்து இறங்கி, மேடையில் பற்றிய தீயும் புகையும் அவர்கள் வெளியேறி முடியும்வரை கூடத்துக்குள் புகாமல் தடுத்து நிற்கும் பாதுகாப்புச் சாதனமாகும். ஆதியில் இரும்பினால் செய்யப்பட்டமையால் இது இரும்புத் திரை என்றும் பெயர் பெற்றது. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் இன்றும் அப்பெயரே நிலைத்திருக்கிறது. 1946 மார்ச் 5ஆம் தேதி அமெரிக்காவிலுள்ள ஃபுல்டன் நகரில் வின்ஸ்டன் சர்ச்சில் நிகழ்த்திய பிரசங்கத்தால், ஐரோப்பாவை இரு கூறாக்கிய அரசியல் எல்லைக்கு உலகெங்கும் பரவிய பெயர், நாடகசாலையினின்று எடுத்தாளப்பட்ட இவ்வுருவகமேயாகும்.

அமைப்பு: வர்ணம் தீட்டிய சீலைகளும் மரச் சட்டங்களும் கயிறுகளும் உஷ்ணம் மிகுந்த விளக்குகளும் நெருங்கிக் கிடக்கும் மேடையில் தீப்பொறி விழுந்தால், காட்சித் திரைகளை மேலிழுத்து வைப்பதற்காக எழுப்பிய உயர்ந்த கோபுரம் புகைபோக்கிபோல் அத்தீயை ஊதி வளர்த்துவிடும். ஆகவேதான் மேடையைக் கூடத்தினின்று பிரிக்கும் சுவர் தீத்தாங்கும் சுவராகக் கட்டப்படுகிறது. அச்சுவரில் விடப்பட்ட ஒரே பெருந்திறப்பாகிய முகப்பு வளைவை மூடுவது திரையின் கடமை. பெரிய அரங்குகளில் எஃகுச் சட்டத்தின்மேல் தகடு பொருத்தி, வெப்பம் கடத்தாத பொருளைச் சேர்த்து இதனை நிர்மாணிக்கிறார்கள். சிறிய அரங்குகளில் முன்பு கல்நார்த் துணி தொங்கவிடப்பட்டது. கல்நாரின் நுண்ணிழைகள் சுவாசப்பைக்குக் கேடு விளைப்பன என்பது தெளிவான பிறகு அதன் இடத்தைக் கண்ணாடியிழைத் துணி பெற்றது.

திரையின் பெரும் பாரத்தை எதிரெடைகள் தாங்குகின்றன. ஆயினும் திரையே சற்று அதிகக் கனமுடையதாக வைக்கப்படுவதால், மின்சாரம் நின்றுபோனாலும், பிடித்திருக்கும் கொண்டியை விடுவித்த மாத்திரத்தில் அது தன் பாரத்தினாலேயே இறங்கும். பக்கச் சுவர்களில் பதித்த எஃகுத் தடங்களுக்குள் அதன் ஓரங்கள் ஓடுவதால் புகை கசிவதற்கு வழி குறைகிறது. மேடையின் ஓரத்தில் கையால் இழுக்கும் விசை ஒன்று இருக்கும். அதை இழுக்க ஆளில்லாவிடினும், சுமார் 70 டிகிரி சென்டிகிரேடில் உருகும் உலோகக் கலவையால் பற்றவைத்த சிறு இணைப்பு அறுந்து திரையை விடுவிக்கும். 30 விநாடிக்குள் அது மேடைத் தளத்தைத் தொட வேண்டுமென்பது பிரிட்டிஷ் மரபு. கடைசிச் சில அடிகளில் வேகத்தைத் தணிக்கும் கருவி, கீழே நிற்பவர் நசுங்காமல் காக்கிறது. பல அரங்குகளில் திரைக்கு மேலே ஓடும் குழாயிலிருந்து நீர் பொழிந்து அதனை நனைத்துக் குளிர்விக்கிறது.

வரலாறு: 1794இல் லண்டனில் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்ட ட்ரூரி லேன் நாடகசாலையில் இரும்புத் திரையை ஜனங்கள் முன்னிலையில் இறக்கி, சுத்தியலால் தட்டிக் காட்டினார்கள், ஆயினும் அந்த நாடகசாலை 1809 பிப்ரவரி 24ஆம் தேதி எரிந்து சாம்பலாயிற்று. வியன்னாவின் ரிங் நாடகசாலையில் 1881 டிசம்பர் 8ஆம் தேதி மாலை, நாடகம் தொடங்குமுன் மேடையின் வாயு விளக்குகளை ஏற்றும்போது தீப்பற்றியது; இரும்புத் திரை அங்கே இருந்தும் இறக்கப்படவில்லை; வாயு நிறுத்தப்பட்டதால் இருளில் மூழ்கிய கூடத்தில் வழி தெரியாமல் மாண்டவர் தொகை அதிகாரபூர்வக் கணக்கின்படி 384. 1887 செப்டம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர ராயல் நாடகசாலையில் 186 பேர் இறந்தபின், பிரிட்டிஷ் அரங்குகளில் இத்திரை பொதுவழக்காயிற்று.

1903 டிசம்பர் 30ஆம் தேதி சிகாகோவின் இராகோய் நாடகசாலையில், விடுமுறைக் காலத்துப் பிற்பகல் ஆட்டத்தைக் காணத் தாய்மாரும் குழந்தைகளும் நிறைந்திருக்கையில், வில்விளக்கின் பொறி மேடைச் சீலையில் பற்றியது. இறக்கிய கல்நார்த் திரை பாதி வழியில் சிக்கி நின்றது. கூரையின் புகைவாய்கள் திறவாதபடி அடைக்கப்பட்டிருந்தன. நடிகர்கள் தப்பிப்பதற்காகத் திறந்த பின்வாயிலின் வழியே புகுந்த காற்று, நெருப்பைத் திரைக்கடியில் தள்ளி மாடங்களின்மேல் ஏவியது. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் அத்திரையை ஆராய்ந்தபோது அதில் மரக்கூழ் பெரிதும் கலந்திருந்தமை வெளிப்பட்டது. இதற்கு நேர்மாறாக, 1911 மே 9ஆம் தேதி எடின்பரோவின் எம்பயர் அரங்கில் மாயவித்தைக்காரர் லாஃபயெட்டின் மேடை எரிந்தபோது திரை இறங்கிற்று. வாத்தியக்குழு தேசிய கீதத்தை வாசிக்க, ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட சபை முழுதும் உயிர்ச்சேதமின்றி வெளியேறியது. திரைக்குப் பின்னால் இருந்த லாஃபயெட்டும் அவர் குழுவினர் சிலரும் மாண்டனர்.

விதிகள்: சபையோர் கண்முன்னே ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு முறையேனும் திரையை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரங்குகளின் நியதி, பெரும்பாலும் இடைவேளையில் இது நிறைவேற்றப்படுகிறது. இடைவேளையில் வெறும் தகட்டைப் பார்த்திருக்கலாகாது என்று கருதிப் பல அரங்குகள் அதன் முகத்தில் சித்திரம் தீட்டுகின்றன. வியன்னா அரசு இசைநாடக அரங்கில் 1998 முதல் ஒவ்வொரு பருவத்திலும் சமகாலக் கலைஞர் ஒருவரின் படைப்பு அதன்மேல் இடம்பெறுகிறது. மேடையோரும் பிழைக்க வேண்டுமானால் திரையுடன் புகைவாயும், தட்டுத் தடையின்றி வெளிப்புறமாகத் திறக்கும் கதவும், விசையை இழுக்கக் கற்ற ஊழியரும் வேண்டும். இவற்றுள் எதிலும் மெத்தனம் கூடாது. ஏனெனில் வியன்னாவிலும் சிகாகோவிலும் திரை இருந்தும் அது தளத்தைத் தொடவில்லை.