கண்மாய்க் கரைகளில் சைக்கிள் பிரயாணம்

வற்றாத நதியொன்று இல்லாத அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே கழியும் நீர் கீழ்க் கண்மாயைச் சேரும்படி நம் பூர்வீகர் அமைத்த தொடரே ஜனங்களின் ஜீவாதாரமாக விளங்கிற்று. அக்கண்மாய்களின் கரைகள், கரிசல் மண் சேறாகிக் காலைக் கவ்வும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், ஊரையும் ஊரையும் இணைக்கும் மேட்டுப் பாதைகளாகவும் உதவியதைச் சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு கவனித்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டு, சைக்கிள் சாமானியருக்கும் மெல்ல மெல்ல எட்டிய பிறகு, அருப்புக்கோட்டைத் தறிகளில் நெய்த சேலைகளை மூட்டையாக்கி, பழைய டியூபை அறுத்தெடுத்த நாடாவால் கேரியரில் இறுகக் கட்டி, கருவேல முள்ளுக்கு அஞ்சி ஒற்றையடித் தடத்தை விட்டு விலகாமல், கலுங்கில் நீர் புரளும் இடங்களில் இறங்கித் தள்ளி, மறுகரையில் மீண்டும் ஏறி மிதிப்பதே கிராமந்தோறும் ஜவுளி விற்போரின் ஒரு நாள் பிரயாணமாயிற்று. குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழிக்கு 1960களில் ரயில் வந்தது. ஆயினும் தண்டவாளம் தொடாத சிற்றூர்களுக்குச் சைக்கிளே கதியாயிருந்தது. பிற்காலத்தில் தார்ச்சாலைகள் பெருகின. கவனிப்பாரற்ற கரைகள் பலவற்றைச் சீமைக்கருவேல் மூடிக்கொண்டது.