தீவில் மறைந்த மூஞ்சூறு

அந்தி சாய்ந்ததும் சுவரோரமாகக் ‘கீச் கீச்’ என்று ஓடும் மூஞ்சூறை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திண்டிவனத்துப் பழைய ஓட்டு வீடுகளில் அது அன்றாடக் காட்சி. பலரும் அதை எலி என்றே எண்ணுகிறார்கள். ஆனால் அது எலி இனமன்று. எலி தானியத்தைக் கொறிக்கும். மூஞ்சூறோ கரப்பான், வண்டு, புழுக்களைத் தின்னும். முள்ளெலிதான் அதற்கு உறவு.

வீட்டு மூஞ்சூறு அழிந்துவிடும் என்ற கவலை நமக்கு இல்லை. தீவுகளில் வாழும் மூஞ்சூறுகளின் கதையோ வேறு.

இந்துமாக்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. 1897-98-இல் அங்கே தங்கி ஆராய்ந்த சார்லஸ் ஆண்ட்ரூஸ், இரவில் நாற்புறமும் மூஞ்சூறுகளின் கீச்சொலி கேட்டதாக எழுதினார். 1908-இல் மீண்டும் சென்றபோது அவர் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை! இடையில் நடந்தது என்ன? பாஸ்பேட் சுரங்கத் தொழில் தொடங்கியது. கப்பல்களில் கருப்பு எலிகள் வந்திறங்கின. அவை கொண்டுவந்த ஒட்டுண்ணி நோய், தீவின் சொந்த எலியினங்கள் இரண்டையும் அழித்தது. மூஞ்சூறுக்கும் அதுவே எமனாயிற்று என்று கருதப்படுகிறது. 1958-இல் இரண்டு, 1984-இல் ஒன்று, 1985-இல் ஒன்று கிடைத்தன. அவ்வளவுதான். 2025-இல் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

இது அயல்நாட்டுக் கதைதானே என்று நினைக்கிறீர்களா? நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும், உலகில் வேறெங்கும் இல்லாத மூஞ்சூறு இனங்கள் உள்ளன. அமெரிக்க விலங்கியலாளர் மில்லர் 1902-இல் இரண்டு இனங்களை விவரித்தார். 1978-இல் மற்றோர் இனம் விவரிக்கப்பட்டது. 2021-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையினர் நார்கொண்டம் எரிமலைத் தீவிலிருந்து புதிய இனம் ஒன்றை அறிவித்தனர். அத்தீவின் பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான்!

காட்டுத் தரையின் இலைச்சருகே இவற்றின் வீடு. சருகினுள் உள்ள பூச்சிகளே உணவு. மூஞ்சூறின் உடலுக்கு ஓயாமல் இரை வேண்டும். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இறந்துவிடும். எனவே மரம் வெட்டப்பட்டுச் சருகு உலர்ந்தால், பூச்சியும் போகும், மூஞ்சூறும் போகும். தப்பிச் செல்லச் சுற்றிலும் கடல். 2004 ஆழிப்பேரலை கிரேட் நிக்கோபாரின் கரையோரக் காடுகளை அழித்ததை நாம் அறிவோம். நார்கொண்டத்தில் மனிதர் கொண்டுசென்ற ஆடுகள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்தன. பின்னர்தான் அவை அகற்றப்பட்டன.

புலி குறைந்தால் நாடே பேசுகிறது. மூஞ்சூறு மறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை. அந்தமானுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் எலி ஏறாமல் காப்பதும், காட்டுச் சருகைக் கலைக்காமல் விடுவதும் பெருஞ்செலவுள்ள காரியங்கள் அல்ல. கிறிஸ்துமஸ் தீவில் அவற்றைச் செய்ய அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.