பழைய டெல்லியில் ஒரு ஹார்ட்கோர் வேர்

ஹார்ட்கோர் பங்க் இசையைப் புதிதாகக் கேட்பவருக்கு முதலில் எட்டுவது வேகமும் கூச்சலும்தான். அதற்குள் ஒரு துறவு மனமும் உண்டு. அதன் ஒரு வேர் பழைய டெல்லியில் இருக்கிறது. அங்கே சிப்பிவாடா கோயிலில் தங்கியிருந்த, பின்னாளில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தை நிறுவிய பக்திவேதாந்த சுவாமி, 1962இல் தம் ஆங்கில பாகவதத்தின் முதல் தொகுதியைத் தாமே அச்சிட்டு விற்றார். 1965இல் மூன்று தொகுதிகளோடு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் அவருடைய கீர்த்தனம் ஒலித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கின் க்ரோ-மாக்ஸ் குழு தன் முதல் ஆல்பத்துக்குக் கலியுகத்தின் பெயரையே சூட்டியது. பின்னர் ரே காப்போவின் ஷெல்டர் குழு கிருஷ்ண பக்தியையே பாடுபொருளாக்கியது.

குருவுக்கு அடங்குவதும் கலகமும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; பெண்களைப் பற்றிய சுவாமியின் பழமைவாதக் கருத்துகளைப் பங்க் சமத்துவத்தோடு இணைக்கவே முடியாது. ஆனால் நிலம் முன்பே பண்பட்டிருந்தது. வாஷிங்டனின் மைனர் திரெட் குழு 1981இலேயே மதுவையும் போதையையும் மறுத்துப் பாடி, நண்பர்களின் சொந்த நிறுவனமான டிஸ்கார்டில் இசைத்தட்டு வெளியிட்டது. கட்டுப்பாடே எதிர்ப்பு என்று நம்பிய இளைஞருக்கு, புலாலும் போதையும் விலக்கிய பக்தி அந்நியமாகப் படவில்லை. மைனர் திரெட்டைக் கேட்டபின் க்ரோ-மாக்ஸைக் கேட்டால் இந்தத் தொடர்ச்சி காதிலேயே புரியும்.