பைபாஸ்ல புலி நிக்குது, என்ன பண்ணுவீங்க? - முதன்முறை ஆன்லைனில் ரோல்பிளே கேம் நடத்தப் போறவங்களுக்கு!

ராத்திரி ரெண்டு மணி. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி ரோட்டிலிருந்து மதுரவாயல் பைபாஸ் பிரியும் இடம். பஸ்ஸுக்காக நீங்க மூணு பேர் நிக்கிறீங்க. ஏரிப் பக்கமிருந்து ஓர் உறுமல் சத்தம். என்ன பண்ணுவீங்க?

இப்படிக் கேட்கத் தெரிஞ்சா போதும், டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமை நீங்களே நடத்தலாம். கதைச் சூழலைச் சொல்பவர் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பசங்க பேஸ்மென்ட்ல உட்கார்ந்து ஆடுவாங்களே, அந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்கே தாத்தா. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-ல் வெளியிட்டது.

நமக்கு பேஸ்மென்ட்டும் கிடையாது, ஒரே ஊர்ல ஆளுங்களும் கிடையாது. என் காலேஜ் கேங்ல ஒருத்தி சிறுசேரியில், ஒருத்தன் பெங்களூரு பி.ஜி-யில், இன்னொருத்தன் துபாயில். வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் கேக் எமோஜி மட்டும்தான் மிச்சம். அதனாலதான் ஆன்லைன்ல ஆரம்பிச்சேன். முதல் நாளே சொதப்பினேன்.

முக்கால் மணி நேரம் ரூல்ஸ் விளக்கினேன். எல்லாரும் மியூட்ல இருந்தாங்க. "புரியுதா?"ன்னு கேட்டா ஒரு தம்ஸ்அப். அடுத்த வாரம் நாலு பேர்ல ரெண்டு பேருக்கு 'திடீர் வேலை'. ரூல்ஸ் தெரியாததால ஆன்லைன் கேம் சாகுறதில்லை, அமைதியாலதான் சாகுது. நேர்ல முகம் பார்த்தாலே யார் பேச வர்றாங்கன்னு தெரியும். கால்ல அது தெரியாது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா, ரெண்டு பேருமே நிறுத்திடுவாங்க.

அதனால பொதுவா "இப்போ என்ன பண்றீங்க?"ன்னு கேட்காதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அதுவும் கேரக்டர் பேர். "நர்ஸம்மா, உறுமல் சத்தம் உங்களுக்குத்தான் முதல்ல கேட்டுச்சு, என்ன பண்றீங்க?" அடுத்து லாரி டிரைவர், அடுத்து காலேஜ் பையன். மூணு, நாலு பேருக்கு மேல வேண்டாம். ஒரு ரவுண்டு சுத்தி வர்றதுக்குள்ள அஞ்சாவது ஆள் இன்ஸ்டா பார்க்கப் போயிடுவார்.

ரூல்ஸ் இவ்ளோதான். முடிவு நிச்சயமா தெரிஞ்சா பகடை வேண்டாம், அப்படியே கதையை நகர்த்துங்க. சந்தேகம்னா மட்டும் இருபது பக்கப் பகடை. ஈஸியான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டத்துக்கு 20 வரணும். சத்தமில்லாம பஸ் ஷெல்டர் மேல ஏற 15 வேணும்னா, ஜெயிக்க வாய்ப்பு 30 சதவிகிதம். அந்த கேரக்டர் ஏறுறதுல கில்லாடின்னு மூணு பாயின்ட் கூட்டினா 45. ஒரு எச்சரிக்கை, தாயம் ஆடி வளர்ந்தவங்க குழம்புவாங்க. அங்கே ஒண்ணு விழுந்தாதான் காய் இறங்கும், இங்கே ஒண்ணு விழுந்தா சோலி முடிஞ்சுது!

புத்தகம் வாங்க வேண்டியதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். பேச டிஸ்கார்டு. அங்கேயே பகடை உருட்டும் 'பாட்'களும் உண்டு. வரைபடம் வேணும்னா ரோல்20 இருக்கு. ஆனா போன் ஸ்கிரீனில் அந்தக் கட்டங்களைப் பெருசாக்கிப் பார்க்கிறதுக்குள்ள மூடே போயிடும். முதல் ஆட்டத்துக்கு வெறும் குரல் போதும். டேட்டாவும் மிச்சம். இலவச வீடியோ கால்னா நேரக் கட்டுப்பாடு இருக்கான்னு முன்னாடியே பாருங்க. நான் பார்க்கலை. கரெக்டா புலி பாயும்போது கட் ஆச்சு.

கதையை டிராகன், கோட்டைன்னு ஆரம்பிக்கணும்னு சட்டமில்லை. இந்திய எழுத்தாளர் மிமி மொண்டல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2022 தொகுப்பு ஒன்றுக்கு வங்காளத்தின் சாயலில் ஒரு சாகசமே எழுதியிருக்கிறார். நீங்க உங்க ஊரையே எடுங்க. பைபாஸ் எங்கே, தாம்பரம் ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும், மேப்பே தேவையில்லை. எங்க ஊர்ப் பேருக்குள்ளேயே புலி இருக்கு, அதனால கதைக்கும் நான் ரொம்ப யோசிக்கலை. தயாரிப்புக்கு ஒரு பக்கம் போதும்: ஓர் இடம், ஒரு பிரச்னை, பொய் சொல்லும் ஓர் ஆள். பத்துப் பக்கம் எழுதினா பிளேயர்ஸ் முதல் பத்தியிலேயே ஆட்டோ பிடிச்சு பெருங்களத்தூர் போயிடுவாங்க. என் அனுபவம்!

ஆட்டத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்கி, யாருக்கு எது வேண்டாம்னு பேசிடுங்க. ஒருத்தருக்கு பேய் ஜாலி. இன்னொருத்தர் வீட்ல போன மாசம்தான் விபத்து நடந்திருக்கும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' முறை ஆன்லைனுக்கு அருமையா பொருந்தும். யாராவது சாட்டில் 'எக்ஸ்'னு போட்டா, காரணம் கேட்காம அந்தக் காட்சியை மாத்திடணும்.

நேர்ல ஆடுறதைவிட ஆன்லைன்ல ஜோரா இருக்கிற விஷயம் ஒண்ணு உண்டு, ரகசிய மெசேஜ். லாரி டிரைவருக்கு மட்டும், 'அந்தப் புலியோட கழுத்துல ஒரு தாலிக்கயிறு தெரியுது'ன்னு அனுப்பினேன். அவன் அதை மத்தவங்ககிட்ட சொல்லவே இல்லை. மியூட்ல இருந்த சிறுசேரிக்காரி முதல் தடவையா மைக்கை ஆன் பண்ணி, "டேய், நீ எதையோ மறைக்கிற"ன்னா.

ரெண்டு மணி நேரத்துல நிறுத்திடுங்க, நடுவுல பத்து நிமிஷம் டீ பிரேக். காலை கட் பண்றதுக்கு முன்னாடியே அடுத்த தேதியை ஃபிக்ஸ் பண்ணிடுங்க, குரூப்ல அப்புறம் கேட்டா யாரும் பதில் போட மாட்டாங்க. எங்களுக்கு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. துபாய்க்காரனுக்கு அப்போ எட்டு மணி, சாப்பிட்டுக்கிட்டே ஆடுவான்.