எதற்கென்று கேட்காத காசு

போன வருசம் எங்கட பீடத்தில் ஆறு பேர் சேர்ந்து, சொந்தமாக எழுதின நாலு பாட்டை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்வம் என்று வெளிக்கிட்டோம். இளைஞர் கலைத் திட்டங்களுக்கு ஒரு நிறுவனம் காசு தருகிறதாம் என்று கேள்விப்பட்டுப் படிவத்தை எடுத்தோம். நேரடிப் பயனாளிகள் எத்தனை பேர், மறைமுகப் பயனாளிகள் எத்தனை பேர் என்று ஒரு பெட்டி. திட்டத்தால் சமூகத்தில் ஏற்படும் அளவிடக்கூடிய மாற்றம் என்ன என்று இன்னொரு பெட்டி. எங்கட பாட்டில் ஒன்று, கடைசி பஸ்சைத் தவறவிட்ட ஒருத்தியைப் பற்றியது. அதில் அளவிடக்கூடிய மாற்றத்தை எங்கே போய்த் தேடுறது?

காசு கிடைக்கவில்லை. அது பரவாயில்லை. ஆனால் படிவம் நிரப்பின அந்தக் கிழமையில் பாட்டே மாறிப்போயிருந்தது. பஸ்சைத் தவறவிட்டவளைக் காணோம், அவள் நின்ற வரியில் 'சகவாழ்வு' வந்து நின்றது. யாரும் எங்களை மாற்றச் சொல்லவில்லை. நாங்களாகவே மாற்றியிருந்தோம். அதுதான் உறுத்தியது.

மாணவர்களின் இசைக்கு முந்தி யார் காசு கொடுத்தது என்று தேடத் தொடங்கியது அதுக்குப் பிறகுதான். தேடல் போய் நின்ற இடம், 1960களிலும் 70களிலும் இருந்த பிரித்தானியா.

முதலில் லிவர்பூல். 1957இல் ஜோன் லெனன் அங்குள்ள கலைக் கல்லூரியில் சேர்ந்தார். ஓவியம் படிக்கத்தான் சேர்ந்தார், ஆனால் கையில் இருந்தது கிற்றார். ஒட்டினாற்போல் இருந்த பள்ளிக்கூடத்தில் படித்த போல் மக்கார்ட்னியும் ஜோர்ஜ் ஹரிசனும் மதிய இடைவேளையில் ஓடிவந்து அவரோடு வாசிப்பார்கள். பாடினால் பின்வரிசைக்குக் கேட்க ஒலிபெருக்கி வேண்டும், அதுக்குக் காசில்லை. கல்லூரி மாணவர் ஒன்றியக் குழுவில் அப்போது இருந்தவர்கள் பில் ஹாரியும் ஸ்டூவர்ட் சட்கிளிஃபும். ஒன்றியக் காசில் ஒலிபெருக்கிச் சாதனம் வாங்குவம் என்று தான் முன்மொழிய, சட்கிளிஃப் வழிமொழிந்ததாக பில் ஹாரி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வழிமொழிந்தவர் 1960இல் அதே குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கப் போய்விட்டார்! அந்த ஓகஸ்ட்டில் குழு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்குப் போனது. சாதனம் கல்லூரிக்குத் திரும்பி வரவேயில்லை என்கிறார் ஹாரி. கணக்காய்வில் அது நட்டமாக எழுதப்பட வேண்டியது. உலகத்துக்குக் கிடைத்தது பீற்றில்ஸ்.

இது ஒரு கல்லூரியின் சின்னக் கதை. இதைவிடப் பெரிய காசு அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1944க்குப் பிறகு அங்குள்ள உள்ளூராட்சிச் சபைகள் தாங்கள் விரும்பிய மாணவருக்கு உதவித்தொகை கொடுத்துவந்தன. 1960இல் அன்டர்சன் குழு இதை ஒழுங்குபடுத்தப் பரிந்துரைத்தது. 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடு அது கடமையாகியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முழுநேரப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளையின் கட்டணத்தைச் சபை கட்டும். பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து, அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசு தரும். கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. தவணைக்கு ஒருமுறை வரும் அந்தக் காசோலையை என்ன செய்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் இசை என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் பின்னேரம் வேலைக்கு ஓடத் தேவையில்லாத ஒரு பிள்ளைக்கு, பழகுவதற்குப் பின்னேரம் மிஞ்சும். லண்டன் ரீஜன்ற் ஸ்ட்ரீற் பொலிரெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்த ரொஜர் வோட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைற் என்ற மூவரும், கேம்பர்வெல்லில் ஓவியம் படித்த சிட் பரற்றும் சேர்ந்துதான் பிங்க் ஃபுளொயிட் ஆனார்கள். படிக்க வந்த இடத்தில் கிடைத்த நேரம் இப்படியும் போனது.

மாணவர் ஒன்றியச் சந்தாவையும் கட்டணத்தோடு சேர்த்துச் சபைகளே கட்டின. அந்தக் காசில் ஒன்றியங்கள் ஒவ்வொரு கிழமையும் குழுக்களைக் கூப்பிட்டுப் பாடவைத்தன. 1970 பெப்ரவரி 14 அன்று த ஹூ குழு தன் புகழ்பெற்ற மேடை இசைத்தட்டைப் பதிவுசெய்தது லீட்ஸ் பல்கலைக்கழகத்து உணவு மண்டபத்தில்தான். எங்கட கன்ரீனை ஒருக்கா நினைத்துப் பாருங்கள்.

அதே லீட்ஸில் 1976இல் நுண்கலைத்துறை மாணவர் ஜோன் கிங்குக்கு, நியூயோர்க் போய் சமகால ஓவியத்தைப் பற்றி ஆராயப் பல்கலைக்கழகம் ஒரு கொடை கொடுத்தது. கூட்டாளி அண்டி கில்லும் போனார். பகலில் ஓவியக்கூடம், இரவில் சி.பி.ஜி.பி. என்ற சின்ன மதுச்சாலை. அமெரிக்காவின் புது ரொக் இசை அப்போது அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கேங் ஒஃப் ஃபோர் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய வாத்தியங்களையே இரவல் வாங்கி மீகொன்ஸ் வாசித்தது. அந்த வட்டத்திலிருந்தே பெண்கள் மூவர் இருந்த டெல்ரா ஃபைவ் வந்தது. கேங் ஒஃப் ஃபோரும் மீகொன்ஸும் 1978இல் எடின்பரோவின் ஃபாஸ்ட் புரொடக்ட் என்ற சின்ன வெளியீட்டகம் ஊடாகத் தங்கள் முதல் இசைத்தட்டுகளை வெளியிட்டன. ஓவிய ஆராய்ச்சிக்குக் கொடுத்த காசு எங்கே போய் முளைத்திருக்கிறது பாருங்கள்.

இதைப் பொற்காலம் என்று பாடவும் ஏலாது. 1960களின் தொடக்கத்தில் அங்கே பல்கலைக்கழகம் போனது அந்த வயதினரில் 100க்கு 4 பேர் அளவில்தான். வாசல் ஒடுக்கம். உள்ளே போனவர்கள் எல்லாரும் வறிய வீட்டுப் பிள்ளைகளும் இல்லை. பிறகு வாசல் அகலமானது, காசு சுருங்கியது. 1990இல் மாணவர் கடன் வந்தது. 1998இல் வருடத்துக்கு 1,000 பவுண் கட்டணம் வந்தது. அடுத்த வருடம் புது மாணவருக்கு உதவித்தொகை நின்றது. இடையில் திரும்பி வந்த உதவித்தொகையும் இங்கிலாந்தில் 2016இல் மறுபடி நிறுத்தப்பட்டது. இன்றைக்கு அங்கே இசை செய்ய விரும்பும் மாணவர் எங்களைப் போலவே படிவம் நிரப்புகிறார்.

எங்களுக்கு விளங்கியது இவ்வளவுதான். இசைக்கென்று தந்த காசு, என்ன இசை என்று கேட்கும். படிக்கவும் சாப்பிடவும் தந்த காசு அப்படிக் கேட்காது. எங்களிடமும் அப்படியொன்று இருக்கிறது, 1981இல் தொடங்கிய மகாபொல. அதுவும் எதற்கென்று கேட்பதில்லை. ஆனால் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்கும் போனால், கிற்றார் கம்பி வாங்கக்கூட மிஞ்சாது. பின்னேரங்களில் எங்களில் மூன்று பேர் ரியூசன் கொடுக்கிறோம். மகாபொலவைக் கூட்டித் தாருங்கள், நேரத்துக்குத் தாருங்கள் என்று கேட்பது வயிற்றுக்கான கோரிக்கை மட்டும் என்று இனி நாங்கள் நினைக்கமாட்டோம். அது பாட்டுக்கான கோரிக்கையும்தான்.

அதுவரைக்கும் கைக்கெட்டியது மாணவர் ஒன்றியம். அடுத்த கூட்டத்தில் இரண்டு மைக்கும் ஒரு சின்ன மிக்சரும் கேட்கப் போகிறோம். ஒரு குழுவுக்கென்று இல்லை, கம்பஸில் பாடுகிற எவரும் கையெழுத்து வைத்து எடுத்துப் போகலாம், என்ன பாடப் போகிறாய் என்று கேட்கக்கூடாது என்பதுதான் முன்மொழிவு. வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். சாதனத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்போம், லிவர்பூல்காரர் மாதிரி ஓடமாட்டோம்.

பஸ்சைத் தவறவிட்டவளையும் பாட்டுக்குள் திருப்பிக் கூப்பிட்டுவிட்டோம்.