பதிவேட்டை யார் திறக்கலாம்?

தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போதே சாதி, மதம், பெற்றோரின் தொழில் எல்லாம் ஏட்டில் ஏறிவிடுகின்றன. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பதிவு தேவைதான். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புரிமை ஆணையிலிருந்து இன்றைய உதவித்தொகை வரை இடஒதுக்கீடும் சலுகைகளும் அதை வைத்தே வந்திருக்கின்றன. ஆகவே சாதியைப் பதிவேட்டிலிருந்து அடியோடு நீக்கச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதியதை யார் படிக்கலாம் என்பதே என் கேள்வி. நூறாண்டாக இதற்கு வழக்கமும் அரசாணையும்தான் பதில் சொல்லி வந்திருக்கின்றன, சட்டம் சொல்லவில்லை. வழக்கத்துக்கு ஒரு சான்று: 1911-இல் தொடங்கிய எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் முடிவுகள் நாளிதழ்களில் வெறும் பதிவெண்களாக வந்த காலம் உண்டு. எண் விடுபட்டது யாருக்கு என்பது அந்த வீட்டோடு நின்றது. எவ்வளவு பண்பான ஏற்பாடு! பிறகு ரேங்க் பட்டியலும் படமும் பரவின. 2017 மே மாதத்தில்தான் அரசு அந்தப் பட்டியலைக் கைவிட்டது. ஏழைப் பிள்ளைக்கு உதவி தேடித் தந்த விளம்பரம் அது என்பார்கள். உண்மைதான், ஆனால் தன் மதிப்பெண்ணை ஊருக்குச் சொல்வது அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும்.

அரசாணை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் சான்று உண்டு. பெற்றோர் விரும்பினால் சாதி, மதத்தைக் குறிப்பிடாமல் விடலாம் என்று 1973-இல் ஆணை வந்தது. 2000-இல் அதை மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சாதி வெறியால் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைச் செய்தியை மாணவரிடம் தனியே சொல்ல வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. இவ்வளவு எளிய நாகரிகத்தைக்கூட ஒரு குழு எழுதித் தர வேண்டியிருந்தது என்பது வேதனை தருகிறது.

2023-இன் மத்திய தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதாதா? போதாது. மானியம், சலுகை, சான்றிதழ் வழங்க அரசு தரவைக் கையாள்வதற்குத் தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று அச்சட்டமே இடம் தருகிறது. மாநகராட்சிப் பள்ளியிலோ ஏட்டை வைத்திருப்பதே அரசுதான். மாணவர் விவரங்களைத் திரட்டும் அரசின் எமிஸ் இணையத்தளம் வந்த பின் அந்த ஏடு தலைமையாசிரியரின் பீரோவிலும் இல்லை. மத்தியச் சட்டம் இருக்கும்போதே மாநிலம் தனியே சட்டம் செய்வது புதிதல்ல. அமெரிக்காவில் 1974-லேயே மத்தியச் சட்டம் பெற்றோருக்குப் பதிவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் உரிமை தந்தது. அதன் பிறகும் கலிஃபோர்னியா 2014-இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடும் இயற்றலாம்: யார் திறக்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், மீறினால் பெற்றோர் எங்கே முறையிடலாம் என்று.